விலை விழுந்தால் வீடு வருமா?

வீட்டு விலை விழப்போகிறது என்கிறார்கள். அடுக்குமாடிகள் விற்காமல் கிடக்கின்றனவாம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்களாம். இன்னும் ஒரு வருசம் பொறுத்தால் கேட்ட விலைக்கு வரும், அவசரப்படாதே என்று டீக்கடையில் ஆரம்பித்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதரம் இந்தப் பேச்சு வரும், அடங்கும். விழுமா விழாதா என்பது என் கேள்வியல்ல. விழுந்தால் யாருக்கு லாபம்? அதுதான் கேள்வி.

இந்தப் பேச்சை நம்ம சனங்களும் நம்புகிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் எழுத்தராக வேலை பார்க்கும் வங்கிக் கிளையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருநாள் கேட்டார்: "வெலை எறங்கட்டும்னு பாத்துக்கினு இருக்கேன் தம்பி. எறங்குனா ஒத்த ரூமாவது வாங்கிட மாட்டோமா?" கான்ட்ராக்ட் கூலி. இருபது வருசமாக வாடகை வீடு. இப்போது இருப்பது ஏழாவது வீடு. அவர் கேட்டதில் பேராசை எதுவும் இல்லை. சந்தை ஏறும், இறங்கும், இறங்கும்போது இல்லாதவனுக்கும் எட்டும் என்று பொதுப்புத்தி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

தக்காளிக்கு அது சரி. விலை விழுந்தால் நாமும் ரெண்டு கிலோ வாங்குகிறோம். ஏனென்றால் தக்காளியைக் கைக்காசில் வாங்குகிறோம். வீட்டைக் கைக்காசில் வாங்குகிறவன் வேறு, கடனில் வாங்குகிறவன் வேறு, இரண்டுமே முடியாதவன் வேறு. விலை விழுந்தால் வீடு கைமாறும். ஆனால் நம்ம கைக்கு மாறாது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

*

கவிதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட வேண்டாம். சோறு போடுவது கணக்குதான். ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 25,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் சம்பளச் சீட்டு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதுவே பெரிய கற்பனை. நாலு வீட்டில் பாத்திரம் கழுவி வரும் காசுக்கு எந்த வீட்டம்மா சம்பளச் சீட்டு கொடுக்கிறார்? சீட்டு இல்லாத கூலி பெரும்பாலும் வங்கியின் கண்ணுக்குத் தெரியாத கூலி. போகட்டும். வருமானத்தில் பாதி தவணைக்குப் போகலாம் என்று வங்கி ஒத்துக்கொண்டால் மாசம் 12,500. எட்டரை சதவீத வட்டி, 20 வருசம் என்றால் கிடைக்கிற கடன் ஏறக்குறைய 14 லட்சத்து 40 ஆயிரம். அதற்கு 20 வருசத்தில் நாம் கட்டி முடிப்பது 30 லட்சம்.

இப்போது வீடு. புறநகரில் ஏற்கனவே ஒருவர் குடியிருந்த சின்ன வீடு, 40 லட்சம் என்று கொள்வோம். விலை விழுகிறது. சாதாரணமாக விழவில்லை, ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது. 32 லட்சம். கடன் போக மீதி 17 லட்சத்து 60 ஆயிரம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 88 ஆயிரம். பொதுவாக வங்கி இதற்குக் கடன் தராது. ஆக, கையில் ரொக்கமாக இருக்க வேண்டியது 20 லட்சத்துக்கு மேல்.

சரி, பாதியாக விழட்டும். உலகத்திலேயே அபூர்வமான வீழ்ச்சி. 20 லட்சத்துக்கு வீடு. அப்போதும் கையில் 7 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும். இரண்டரை வருசம் சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இரண்டு பேர் சம்பளத்தையும் அப்படியே எடுத்து வைத்தால் சேருகிற காசு அது.

அதே வீட்டை அதே நாளில் வேறொருவர் வாங்கிவிடுவார். ஊரில் ரெண்டு ஏக்கரை விற்ற காசு, அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு, மாமனார் கொடுத்தது என்று ரொக்கத்தோடு வருவார். விலை விழுந்த காலம் அவருக்கு அறுவடைக் காலம். ஒன்றுக்கு ரெண்டாக வாங்குவார். அதில் ஒன்றை நமக்கே வாடகைக்கு விடுவார், நம்ம சாதி அவருக்குத் தெரியாத வரைக்கும்.

*

ஆக, கேள்வி விலை பற்றியது அல்ல. ரொக்கம் பற்றியது. இந்த ரொக்கம் யாருடைய கையிலும் சம்பளத்தில் சேர்ந்ததல்ல. நிலம் பெற்ற பிள்ளைதான் ரொக்கம். நம்ம பாட்டன் கையில் ஏன் நிலம் இல்லை?

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதில் முக்கியமான ஒன்று வீட்டு மனை. சேரிக்காரன் குடிசை போட்டிருந்த மனையைக்கூட மிராசுதாரர் தனக்குச் சொந்தம் என்றார். கூலி கூடக் கேட்டால், எதிர்த்துப் பேசினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். வீடு என்பது ஆண்டையின் கையிலிருந்த மூக்கணாங்கயிறு. அடுத்த வருசம், 1892-இல், தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் நடந்து போய்விட்டது.

1994 அக்டோபர் 10-ஐ இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். இன்றைக்கு சென்னையின் தெற்கே சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் பூமி எது? பழைய மகாபலிபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் எல்லாம் அதே பழைய செங்கல்பட்டு ஜில்லாதான். நம்ம பாட்டன் ஏர் ஓட்டிய மண்ணில் நமக்கு இருபது வருசத் தவணை. இதற்குப் பெயர் சந்தையாம்.

விலை 20 சதவீதம் விழுந்தாலும், இந்தப் பள்ளம் நூறு வருசத்துக்கு மேல் ஆழமானது. அது தூர்ந்துவிடாது.

*

விழும்போது முதலில் விழுவது விலை அல்ல, கூலி. இதை யாரும் பேசுவதில்லை.

கட்டட வேலை நின்றால் கடைசியாக அடிபடுபவர் பில்டர். அவருக்கு வங்கியில் அவகாசம் உண்டு, வட்டி கட்ட வேறு வழியும் உண்டு. முதல் நாளே அடிபடுவது சித்தாள், கொத்தனார், சென்ட்ரிங் அடிக்கிறவர், பெயின்ட்டர், டைல்ஸ் ஒட்டுகிறவர். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. வீட்டுச் சந்தை படுத்தது. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு நிலத்தின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. மலிவுக் காலம்தானே? நம்ம தெருவில் எத்தனை பேர் வீடு வாங்கினார்கள்? காலையில் தூக்குச் சட்டியோடு போய் நின்று, பத்து மணிக்கு அதே தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். வீட்டைக் கட்டுகிறவனின் கூலி நின்றுபோவதால் மலிவாகிற வீட்டை, அவன் எந்தக் காசில் வாங்குவான்?

நம்மைப் போலவே ஒதுக்கி வைக்கப்பட்ட இன்னொரு சனத்துக்கு விலை வீழ்ச்சி என்ன செய்தது என்று உலகம் ஏற்கனவே பார்த்துவிட்டது. அமெரிக்காவில் கறுப்பர்கள் குடியிருந்த பகுதிகளை 1930-களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்புச் சாயம் பூசி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. சிவப்புக்குள் இருப்பவனுக்குக் கடன் இல்லை. 1968-இல்தான் வீட்டு விசயத்தில் இனப்பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு 2000-களில் காற்று மாறி அடித்தது. கடன் இல்லை என்றவர்களே வீடு தேடி வந்து கடன் கொடுத்தார்கள். அதிக வட்டிக் கடன், போகப் போக வட்டி ஏறும் கடன். நல்ல கடனுக்குத் தகுதி இருந்த கறுப்பர்களையும் இந்தக் கடனில் தள்ளிவிட்டதாக கன்ட்ரிவைட் நிறுவனத்தின் மீது அரசு வழக்குப் போட்டது. 2011-இல் அது 33.5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

2007-08-இல் விலை விழுந்தது. பியூ ஆய்வு மையம் 2011-இல் வெளியிட்ட கணக்கு இது: 2005-க்கும் 2009-க்கும் இடையில் வெள்ளைக் குடும்பங்களின் நடுநிலைச் சொத்து 16 சதவீதம் குறைந்தது. கறுப்பர் குடும்பங்களுடையது 53 சதவீதம், ஹிஸ்பானியர் குடும்பங்களுடையது 66 சதவீதம். ஒரே வீழ்ச்சிதான். ஆனால் மாடியில் இருந்தவனுக்குக் கால் சுளுக்கு, படிக்கட்டில் முதல் அடி வைத்தவனுக்கு இடுப்பு முறிவு. கடைசியாக ஏறியவன் முதலில் விழுகிறான். விலை விழுந்தால் நமக்கு விடியும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

*

நம்மிலும் படிக்கட்டில் முதல் அடி வைத்தவர்கள் இருக்கிறார்கள். இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, முதல் தலைமுறையாகக் கடன் வாங்கி வீடு கட்டிய ஆசிரியர், செவிலியர், கிளார்க், கண்டக்டர். இவர்களுக்கு ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டவை. 2020 மே முதல் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-ஐத் தொட்டது. 2025-இல் படிப்படியாக இறங்கியது. ஏறும்போது என்ன நடக்கிறது? தவணை அதே தொகையாக இருக்கும், காலம் மட்டும் சத்தமில்லாமல் நீளும். ஆறரை வட்டிக்கு 20 லட்சம், 20 வருசம் என்றால் தவணை 14,911 ரூபாய். இரண்டு வருசம் ஒழுங்காகக் கட்டியபின் வட்டி 9 ஆகிறது. தவணையை ஏற்றாமல் விட்டால், பாக்கி 18 வருசம் 34 வருசமாகிவிடும். கட்டுகிற 14,911-இல் அசலுக்குப் போவது 700 ரூபாய்கூட இல்லை. மீதி முழுவதும் வட்டி. பண்ணையாரிடம் கைநாட்டு வைத்த நம்ம தாத்தனுக்கு இந்தக் கணக்கு புதுசாக இருந்திருக்காது.

தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். தவணை தவறினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். 90 நாள் தாண்டினால் வாராக் கடன். பிறகு 2002-ஆம் வருசத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விலை விழுந்த காலத்து ஏலத்தில் வீடு கடனுக்குக்கூடக் காணாது. வீடும் போய், மீதிக் கடனும் கழுத்தில் நிற்கும். அந்த ஏலத்தில் எடுப்பவர் யார்? முன்னால் சொன்ன அதே ரொக்கக்காரர்தான்.

வங்கி வருமானத்தில் பாதியைத் தவணையாக அனுமதிக்கும். நாம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஆறு தவணைக் காசு தனியாக இருக்க வேண்டும். சீட்டுக் கட்டி மலிவு மனை வாங்குகிறவர்கள், 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதை மறக்கக்கூடாது. 2017-இல் வரன்முறை விதிகள் வரும்வரை எத்தனையோ கூலிக்காரர்கள் விற்கவும் வழியில்லாமல், கட்டவும் வழியில்லாமல் தவித்தார்கள். தாய்ப்பத்திரம், முப்பது வருசத்து வில்லங்கம், பட்டா, அங்கீகாரம் நாலையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

*

கடன் மனுவோடு வரும் மதிப்பீட்டாளர் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. வீடு இருக்கும் பகுதி எப்படிப்பட்டது? உயர்ந்தது, நடுத்தரம், ஏழ்மை. மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சாதி இல்லை. தேவையுமில்லை. காலனி, அம்பேத்கர் நகர் என்று முகவரி இருந்தால் பேனா தானாக எங்கே போகும் என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். ஒரே அளவு மனை, ஒரே சிமென்ட், ஒரே கம்பி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் சேரி. மதிப்பு மட்டும் ரோட்டைத் தாண்டாது. விலை ஏறும் காலத்திலும் நம்ம வீடு ஏறுவதில்லை, ஐயா. இறங்குகிற காலத்தைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?

வாடகைக்குப் போனாலும் அதுதான். "சைவம் மட்டும்" என்று போர்டு. "நீங்க எந்தப் பக்கம்? எந்த ஆளுங்க?" என்று ரெண்டு கேள்வி. அப்புறம் "சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி, வீடு கொடுக்கறதா இல்ல." நானும் கேட்டுத் திரும்பியிருக்கிறேன். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கே 1917-இல் பரோடாவில் தங்க ஒரு கூரை கிடைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 15(2) கடையைச் சொல்கிறது, ஓட்டலைச் சொல்கிறது, கிணறு, குளம், சாலையைச் சொல்கிறது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிச் சொல்லவில்லை. ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் மதத்தாரை மட்டும் உறுப்பினராக்கிக்கொள்ளலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. காசு இருந்தாலும் வாங்க முடியாத வீடு இந்த நாட்டில் உண்டு. எந்த விலை வீழ்ச்சியும் அந்தக் கதவைத் திறக்காது.

*

அரசாங்கம் நமக்கு வீடே தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தது. எங்கே தந்தது என்று பாருங்கள். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. பிறகு நகரத்து மண் பொன்னானது. 2000-இல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய், சதுப்புநிலத்துப் பக்கம் அடுக்கி வைத்தார்கள். கண்ணகி நகரின் ஆரம்பகால வீடுகள் 195 சதுர அடி. வேலை ஒரு திசையில், வீடு ஒரு திசையில். 2021-இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி. நகரத்தில் சேரிக்கு எட்டு மாடி, லிப்ட் வைத்தது.

மானியத் திட்டங்களும் உண்டு. நீயே வீடு கட்டிக்கொள், பணம் தருகிறோம் என்பவை. முதல் நிபந்தனை, மனை உன் பேரில் இருக்க வேண்டும். பட்டா இல்லாதவன் வரிசையிலேயே நிற்க முடியாது. இருக்கிறவனுக்குச் சோறு போடும் பந்தி.

ஆகவே, தோழர்களே, சந்தை இறங்கட்டும் என்று காத்திருப்பது அரசியலாகாது. 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய அறிக்கையில் அண்ணல் மலிவு வீடு கேட்கவில்லை. நிலம் கேட்டார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க, தரிசு நிலத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு ஆணையம் கேட்டார். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஞ்சமி நிலத்தை மீட்டு, முதலில் வீட்டு மனையாகக் கொடு. வாரிய வீடுகளில் ஒதுக்கீட்டு ஆணையோடு காத்திருப்பவர்களுக்குக் கிரயப் பத்திரம் கொடு. ஆற்றங்கரையைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ஆளைக் காலி செய்யாதே, இருக்கும் இடத்திலேயே கட்டு. நகரத்துக்குள்ளே, கூலிக்காரன் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் போகாத வாடகைக்கு அரசு வீடு கட்டு. சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கு. சம்பளச் சீட்டு இல்லாத கூலியையும் வருமானமாக எண்ணு, அதற்கு அரசே ஜாமீன் நில். அந்த மதிப்பீட்டு அறிக்கையின் கட்டத்தைக் கிழித்துப் போடு.

இதில் ஒன்றுக்கும் விலை வீழ்ச்சி தேவையில்லை. விலை விழுந்தால் இதில் ஒன்றும் தானாக நடக்காது. சென்னையின் எந்த அடுக்குமாடியையும் அண்ணாந்து பாருங்கள். அஸ்திவாரக் குழி வெட்டியவர்கள் யார், கல் சுமந்தவர்கள் யார், இன்றைக்கும் அதன் சாக்கடையில் இறக்கிவிடப்படுகிறவர்கள் யார்? விலையை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நாம் மண்ணைப் பேசுவோம்.